ரதமா, ரதங்களா?

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் ரதம் இல்லை. குதிரை இல்லை. நெருப்பும் இல்லை. இருப்பவை கால்கள். கடற்கரையின் ஈர மணலில் வெறுமையாக ஓடுகிற கால்கள். மணி பன்னிரண்டு அடித்து முடிவதற்குள் கல்லூரி முற்றத்தைச் சுற்றிவந்துவிடத் துடிக்கிற கால்கள். புறப்படும் இடத்தில் சிறு கொத்துக்கரண்டியால் தானே பறித்துக்கொண்ட குழியில் ஊன்றி நிற்கிற கால்கள். தன் உடம்பைத் தவிர வேறு வாகனம் இல்லாத மனிதர்களைப் பற்றிய படத்துக்கு ஒரு வாகனத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் கம்பீரமாக இருப்பதால் இந்த விநோதத்தை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

தலைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ப்ளேக்கின் கவிதையிலிருந்து என்று பதில் தயாராக இருக்கிறது. பதில் சரிதான். ஆனால் மூலத்தைச் சொன்னதும் அர்த்தத்தையும் சொல்லிவிட்டதாகக் கருதிக்கொள்வது விமர்சனத்தின் சோம்பேறித்தனம். இரவல் வாங்கிய தலைப்பு தான் பிறந்த இடத்தின் வாசனையோடு வருகிறது. வழியில் எத்தனை கைகள் மாறியதோ அத்தனை கைகளின் ரேகையோடும் வருகிறது. எடுத்துக்கொண்டவன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டதாக நினைக்கிறான். தலைப்பு மிச்சத்தையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் படத்தின் தலைப்பு படத்தைவிட அதிகம் அறிந்தது, சில இடங்களில் படத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பது என் கட்சி.

முதலில் விவரங்கள். 1981-ல் வெளிவந்த படம். இயக்கியவர் ஹியூ ஹட்ஸன். எழுதியவர் காலின் வெல்லண்ட். தயாரித்தவர் டேவிட் புட்னம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஓடிய இருவரின் கதை. ஒருவர் ஹாரல்ட் ஆப்ரஹாம்ஸ்: யூதர், கேம்ப்ரிட்ஜில் படித்தவர், 100 மீட்டரை 10.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர். மற்றவர் எரிக் லிடல்: சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 100 மீட்டரின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் அதில் ஓட மறுத்து, 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடி வென்றவர். ஞாயிற்றுக்கிழமை விவகாரம் லிடலுக்குப் பல மாதங்கள் முன்பே தெரியும். படத்தில் கப்பலேறுகிற நேரத்தில் தெரியவருகிறது. நாடகத்துக்காகச் செய்த இம்மாதிரி மாற்றங்கள் படத்தில் நிறைய. அவற்றைக் கணக்கெடுப்பதில் எனக்கு அக்கறை இல்லை.

எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது படத்துக்கு ‘ரன்னர்ஸ்’ என்று பெயர். ஓடுகிறவர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி, அதற்குமேல் ஒன்றும் சொல்லாத பெயர். பி.பி.ஸி. தொலைக்காட்சியின் துதிப்பாடல் நிகழ்ச்சியான ‘ஸாங்ஸ் ஆஃப் ப்ரெய்ஸ்’ ஒளிபரப்பில் ‘ஜெருசலேம்’ பாட்டு வந்தது. பாட்டில் அக்கினி ரதம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெல்லண்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பு ப்ளேக்கின் பக்கத்திலிருந்து எடுக்கப்படவில்லை. ஒரு சபை எழுந்து நின்று சேர்ந்து பாடியதிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக்கும் அந்தச் சபைக்கும் இடையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தூரம் கிடக்கிறது.

ப்ளேக் அந்தக் கவிதைக்குத் தலைப்பே வைக்கவில்லை. ‘மில்டன்’ என்கிற நெடுங்கவிதைக்கு அவர் எழுதிய முன்னுரையின் அடியில், நாலடிப் பத்திகள் நான்காக அது நிற்கிறது. நூலின் முகப்பில் அவர் செதுக்கிய ஆண்டு 1804. ‘ஜெருசலேம்’ என்று அவர் பெயர் வைத்தது முற்றிலும் வேறான இன்னொரு நெடுங்கவிதைக்கு. ‘மில்டன்’ நூலில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை ப்ளேக் தன் கையாலேயே செதுக்கி அச்சிட்ட நான்கு பிரதிகள். அவற்றில் இரண்டில்தான் அந்த முன்னுரைப் பக்கம் இருக்கிறது. மற்ற இரண்டில் இல்லை. ஆக, தலைப்பில்லாமல் பிறந்து, எழுதியவனே பின்னால் விலக்கிவைத்த ஒரு பக்கம், வேறொரு கவிதையின் பெயரைப் போர்த்திக்கொண்டு ஒரு தேசத்தின் வாயில் ஏறியிருக்கிறது.

அந்த முன்னுரை சாதுவான முன்னுரை அல்ல. ஹோமர், ஓவிட், பிளேட்டோ, சிஸரோ எல்லோரையும் பைபிளின் மகத்துவத்துக்கு எதிராக நிறுத்தப்பட்ட களவுச் சரக்கு என்று தூக்கி எறிகிறது. கிரேக்க, ரோமானிய மாதிரிகள் நமக்கு வேண்டாம், நம் கற்பனைக்கு நாம் உண்மையாக இருந்தால் போதும் என்று இளம் கலைஞர்களைப் பார்த்துப் பேசுகிறது. படைமுகாமிலும் அரசவையிலும் பல்கலைக்கழகத்திலும் கூலிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மனத்தின் போரை அமுக்கி உடம்பின் போரை முடிவில்லாமல் நீட்டுவதே அவர்கள் வேலை என்று எச்சரிக்கிறது. இதே காலகட்டத்தில் ப்ளேக்கின் மேல் ராஜத்துரோகப் பேச்சு வழக்கு. 1803-ல் தன் தோட்டத்துக்குள் வந்த ஒரு சிப்பாயை வெளியே தள்ளியபோது அரசனைச் சபித்தார் என்பது குற்றச்சாட்டு. 1804 ஜனவரியில் விடுதலையானார். வில்லும் அம்பும் ஈட்டியும் அக்கினி ரதமும் வேண்டுமென்று கேட்கிறவன் இந்த மனிதன். அவன் கேட்கிற ஆயுதம் ஒவ்வொன்றும் படைமுகாமுக்கு எதிராகக் கேட்கப்பட்டது.

1916-ல், உலகப் போரின் நடுவில், அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஹ்யூபர்ட் பாரி இதற்கு இசையமைத்தார். போர் உற்சாகம் தளராமல் பார்த்துக்கொள்ள ஏற்பட்டிருந்த ‘ஃபைட் ஃபார் ரைட்’ இயக்கத்தின் கூட்டத்தில் பாடுவதற்காக. உடம்பின் போரை நீட்டுகிறவர்களைக் கூலிக்காரர்கள் என்ற பக்கம் உடம்பின் போருக்கு ஊதுகுழல் ஆயிற்று. பாரிக்கே அந்த இயக்கம் ஒத்துவரவில்லை. 1917-ல் விலகிக்கொண்டார். பெண்கள் வாக்குரிமை கேட்டவர்கள் பாட்டைக் கேட்டபோது மனமுவந்து கொடுத்தார். 1918-ல் அவர்களுடைய விழாவில் அது ஒலித்தது. 1922-ல் எல்கர் பெரிய வாத்தியக் குழுவின் கனத்தை அதன்மேல் ஏற்றினார். அதன்பிறகு மகளிர் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், கட்சி மாநாடுகள், கல்யாணங்கள், சாவுகள். யார் பாடினாலும் ஒத்துக்கொள்கிற பாட்டாக அது ஆயிற்று. எல்லோரும் ஒத்துக்கொள்கிற கவிதைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெல்லண்டின் காதில் விழுந்தது இந்தப் பாட்டு.

இப்போது படத்துக்கு வருகிறேன். ப்ளேக் பெயர் சொல்லிச் சாடிய மூன்று இடங்களும் படத்துக்குள் இருக்கின்றன. கல்லூரியின் முதல் விருந்தில், போரில் இறந்துபோன மாணவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துப் புதியவர்களுக்குக் கடமை போதிக்கப்படுகிறது: படைமுகாம். கூலிக்குப் பயிற்சி தருகிற ஒருவனை வைத்துக்கொண்டு ஓடக் கற்பது கனவானுக்கு அழகல்ல என்று ஆப்ரஹாம்ஸை இரண்டு கல்லூரித் தலைவர்கள் தேனொழுகக் கண்டிக்கிறார்கள்: பல்கலைக்கழகம். அந்த வேடங்களில் ஒருவர் ஜான் கீல்குட். இன்னொருவர், ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ எடுத்த லிண்ட்ஸே ஆண்டர்ஸன். பாரிஸில் இளவரசரும் பிரபுக்களும் லிடலைத் தனியறையில் நிறுத்தி, மன்னருக்காக ஞாயிற்றுக்கிழமை ஓடு என்கிறார்கள்: அரசவை. இந்த மூன்று காட்சிகளும் படத்தின் நல்ல காட்சிகள். அவை ப்ளேக்கின் முன்னுரைக்கு உரை எழுதியது போல இருக்கின்றன. வெல்லண்ட் அதை நினைத்து எழுதினாரா என்பதல்ல என் பிரச்னை. தலைப்பு அங்கே நின்று அந்தக் காட்சிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

கிரேக்கத்தை வேண்டாம் என்ற பக்கத்திலிருந்து ஒலிம்பிக் படத்துக்குத் தலைப்பு வந்திருக்கிறது என்பதும் யோசிக்க வேண்டிய ஒன்று. படம் 1978-ல் ஆப்ரஹாம்ஸின் நினைவு ஆராதனையோடு தொடங்குகிறது. அங்கே பேசுகிற பழைய நண்பர், குதிகாலில் சிறகு கட்டியிருந்த அந்த நாட்களை நினைவுகூர்கிறார். குதிகாலில் சிறகு கிரேக்கப் படிமம், ஹெர்மீஸின் கால். ஓட்டக்காரனுக்கு இயல்பாகப் பொருந்துவதும் அதுவே. சிறகு உடம்பில் முளைக்கிறது. ரதமோ வெளியிலிருந்து வருகிறது. அதை யாராவது கொண்டுவர வேண்டும், அனுப்ப வேண்டும். படத்தின் முதல் நிமிஷங்களில் கிரேக்கம், தலைப்பில் எபிரேயம். தன் காலை நம்புகிறவன், தனக்கு வெளியே உள்ள ஒன்றை நம்புகிறவன். மேலோட்டமாகப் பார்த்தால் முன்னவன் ஆப்ரஹாம்ஸ், பின்னவன் லிடல். அப்படியென்றால் எபிரேயத் தலைப்பு கிறிஸ்தவனுக்கும் கிரேக்கப் படிமம் யூதனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்த இடமாற்றம் படத்துக்குத் தெரியாமல் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு மாற்றம் தெரிந்தே நடந்தது. ப்ளேக் கேட்பது ஒரு ரதம். படத்தின் தலைப்பில் ரதங்கள். இரண்டு கதாநாயகர்கள் இருப்பதால் பன்மை ஆயிற்று என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதபடி பைபிள் குறுக்கே நிற்கிறது.

இந்தத் தொடருக்குரிய இடங்கள் பைபிளில் இரண்டு. இரண்டும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில். முதலாவது, இரண்டாம் அதிகாரத்தில். எலியாவும் அவன் சீடன் எலிசாவும் பேசிக்கொண்டே நடந்துபோகிறார்கள். அக்கினி ரதம் வருகிறது. எலியா வானத்துக்குப் போகிறான். இரண்டாவது, ஆறாம் அதிகாரத்தில். எலிசா தங்கியிருக்கும் தோத்தான் ஊரைச் சீரியாவின் படை இரவோடு இரவாக வளைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் எழுந்த வேலைக்காரன் குதிரைகளையும் ரதங்களையும் பார்த்து நடுங்குகிறான். இவன் கண்களைத் திற என்று எலிசா வேண்டுகிறான். கண் திறக்கிறது. மலை முழுக்க அக்கினிக் குதிரைகள், அக்கினி ரதங்கள். எபிரேய மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே தொடர்தான். அந்தச் சொல் ஒருமையாகவும் நிற்கும், தொகுதியையும் குறிக்கும். 1611-ன் ஆங்கில மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் அதை ரதமாக்கியது, இரண்டாம் இடத்தில் ரதங்களாக்கியது. நம் தமிழ் வேதாகமத்திலும் அப்படியே: அங்கே ரதம், இங்கே இரதங்கள். ப்ளேக் கையிலெடுத்தது முதலாவதை. படம், ஒரு ‘எஸ்’ சேர்த்துக்கொண்டதன் மூலம், இரண்டாவதற்குப் போய்விட்டது.

இரண்டையும் ஊன்றிப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் ரதம் யாரையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. எலியா ரதத்தில் ஏறிப் போனதாக ஓவியர்கள் தீட்டிவிட்டார்கள். நாமும் அப்படியே மனத்தில் வைத்திருக்கிறோம். வசனம் சொல்வது வேறு. எலியா சுழல்காற்றில் போகிறான். ரதம் வந்து செய்தது, சேர்ந்து நடந்துகொண்டிருந்த இருவரையும் பிரித்தது. தோத்தானில் அதுவும் கிடையாது. ரதங்கள் மலையில் நிற்கின்றன, அவ்வளவுதான். அவை சீரியர்மேல் பாயவில்லை. சீரியர்கள் பார்வை மயங்கி, சமாரியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டு, கண் திறந்து, வயிறாரச் சாப்பிட்டு, ஊர் திரும்புகிறார்கள். பழைய ஏற்பாட்டில் இவ்வளவு ரத்தம் சிந்தாத யுத்தம் அபூர்வம். ஒருமையில் அக்கினி ரதம் பிரிக்கிறது. பன்மையில் அது பயத்தைப் போக்குகிறது. ஒருமை ஒரு சம்பவம்; பன்மை ஒரு தரிசனம். இரண்டிலும் வாகனம் இல்லை.

எலியா ஓட்டக்காரனும்கூட. இராஜாக்களின் முதல் புத்தகத்தில், நீண்ட பஞ்சத்துக்குப் பிறகு மழை வரும்போது, ஆகாப் ராஜா ரதமேறி யெஸ்ரயேலுக்கு விரைகிறான். எலியா இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு, ராஜாவின் ரதத்துக்கு முன்னால் ஊர் வாசல் வரைக்கும் ஓடுகிறான். ரதத்தை வென்ற கால். இந்தப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பைபிள் காட்சி இருக்க முடியாது. தலைப்பு இதைத் தொடாமல் கடந்துபோனாலும், எலியாவின் பெயரைச் சுமந்து வருகிற எந்தத் தலைப்பிலும் அந்த ஓட்டம் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இதை வைத்துக்கொண்டு இருவரையும் மறுபடி பார்க்கலாம். ஆப்ரஹாம்ஸ் ஓட்டத்தை ஆயுதம் என்கிறார். எதற்கு எதிராக என்றால், யூதனாக இருப்பதற்கு எதிராக. அவருக்கு வெற்றி வேண்டும். எல்லோரையும் ஒருவர்பின் ஒருவராகக் கால் ஓயும்வரை ஓடித் தோற்கடிக்க வேண்டும். அவருடைய வாக்கியங்கள் கேட்கிற வாக்கியங்கள், கட்டளை வாக்கியங்கள். ப்ளேக்கின் கவிதையில் ஆயுதங்களைக் கேட்கிற குரலும் இதுதான். ஒருமை ஆப்ரஹாம்ஸுடையது. லிடல் எதையும் கேட்பதில்லை. தான் ஓடும்போது கடவுள் மகிழ்வதை உணர்வதாக அவர் தங்கையிடம் சொல்லும் அந்தப் பிரசித்தமான வசனம் வெல்லண்ட் எழுதியது. இருந்தாலும் பாத்திரத்துக்கு உண்மையான வசனம். நிஜ லிடல் ஓடியதே அப்படித்தான்: கடைசித் தூரத்தில் தலை பின்னால் சாய்ந்துவிடும், வாய் திறந்துகொள்ளும், முகம் வானத்தைப் பார்க்கும். பாதையைப் பார்க்காமல் ஓடுகிற மனிதன். அவன் எதைப் பார்த்தான் என்று நமக்குத் தெரியாது. தோத்தானின் வேலைக்காரன் எதைப் பார்த்தான் என்பது எலிசாவுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்ததைப் போல. பன்மை லிடலுடையது. இந்த இருவரும் படத்தில் நேருக்கு நேர் ஓடுவது ஒரே ஒருமுறை. பிறகு ஆளுக்கொரு பாதை. இடையே எரிந்துகொண்டு போவது எலியாவையும் எலிசாவையும் பிரித்த அதே ரதம்.

இதுவரை தலைப்பு படத்தை ஆழப்படுத்துகிறது. இனித்தான் தகராறு. படத்துக்கு இந்தப் பிரிவு பிடிக்கவில்லை. இருவரையும் சேர்த்துவைக்க ஆசைப்படுகிறது. சேர்த்துவைக்கிற பசை தேசம். கடைசியில் மறுபடியும் தேவாலயம். பாடகர் குழு ‘ஜெருசலேம்’ பாடுகிறது. சற்று யோசித்துப் பாருங்கள். ஆப்ரஹாம்ஸின் வாழ்நாள் வலி, இங்கிலாந்தின் மரியாதையான சுவர்கள். அவர் செத்தபிறகு அந்தச் சுவர்களுக்குள்ளேயே, அவருடைய மூதாதையரின் நகரத்தை இங்கிலாந்தில் கட்டப்போவதாகப் பாடுகிறார்கள். படம் இதை வெற்றியாகக் காட்டுகிறது: கடைசியில் உள்ளே விட்டுவிட்டார்கள், பார்த்தீர்களா? உள்ளே விடுவதற்கு அவர் கொடுத்த விலை, அவருடைய ஊரின் பெயரையே அவர்கள் எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் கேமராவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்திருந்தால் இது மகத்தான படமாகியிருக்கும். வரவில்லை.

சந்தேகம் வந்த படம் ஒன்று பத்தொன்பது வருஷங்களுக்கு முன்னாலேயே இருந்தது. ஆலன் ஸிலிட்டோவின் கதையை டோனி ரிச்சர்ட்ஸன் 1962-ல் எடுத்த ‘தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’. அதிலும் ஓட்டம், அதிலும் இதே ‘ஜெருசலேம்’. சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்கள் அரங்கில் அதைப் பாடிக்கொண்டிருக்க, தப்பி ஓடிப் பிடிபட்ட ஒரு பையன் அடிபடுவது இடையிடையே வெட்டப்பட்டு வருகிறது. பந்தயத்தில் முன்னால் வந்த கதாநாயகன் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்பாக, பள்ளித் தலைவரின் கண் எதிரே, வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். அந்தத் தலைப்பில் அலங்காரம் இல்லை. தனிமை, நெடுந்தூரம், ஓடுகிறவன். ‘ரன்னர்ஸ்’ என்ற பெயரையே கொஞ்சம் யோசித்துச் செய்தால் அப்படி வரும். ரிச்சர்ட்ஸன் பாட்டைத் தலைப்பில் வைக்காமல் படத்துக்குள் வைத்து அதை விசாரித்தார். ஹட்ஸனும் வெல்லண்டும் பாட்டைத் தலைப்பில் வைத்ததால் விசாரிக்கிற உரிமையை இழந்துவிட்டார்கள். கொடிக்கம்பத்தில் ஏற்றியதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

படத்தில் கொடி ஏறுகிற காட்சி ஒன்று இருக்கிறது. அது மட்டும் தலைப்பின் தகுதிக்கு உயர்ந்த காட்சி. ஆப்ரஹாம்ஸின் பயிற்சியாளர் ஸாம் முஸாபினி, அராபிய இத்தாலிய ரத்தம் கலந்தவர், கூலிக்குக் கற்றுத்தருகிறவர், அதனால் அரங்கத்தின் பக்கம் போகாதவர். பந்தயம் நடக்கும்போது விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கிச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்கின்றன. என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்போது கூரைகளுக்கு மேலே பிரிட்டிஷ் கொடி மெல்ல ஏறுகிறது. அவர் படுக்கையில் உட்கார்ந்து, தன் வைக்கோல் தொப்பியைக் கையால் குத்திக் கிழிக்கிறார். ஓடுவதைப் பார்க்காமல் வெற்றியைக் காண்கிறவன். மலையில் நிற்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவன். இந்த ஒரு அறையில் தோத்தான் இருக்கிறது. ப்ளேக் கூலிக்காரர்கள் என்று ஏசியவர்களின் வரிசையில் கல்லூரித் தலைவர்கள் இந்த மனிதனை நிறுத்தினார்கள். ப்ளேக்கின் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

படம் வெளியான பிறகு தலைப்புக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1982 மார்ச் 29 அன்று சிறந்த படம் உட்பட நாலு ஆஸ்கர்கள். பரிசை வாங்கிக்கொண்ட வெல்லண்ட், பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள் என்று மேடையில் முழங்கினார். ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினாவின் படை ஃபாக்லண்ட் தீவுகளில் இறங்கியது; மூன்று நாளில் பிரிட்டிஷ் கப்பல்கள் தெற்கே புறப்பட்டன. படத்துக்கும் போருக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் 1916-ல் பாட்டுக்கு நேர்ந்தது, தலைப்பைச் சுற்றியிருந்த காற்றில் மறுபடி நேர்ந்தது. உடம்பின் போர் தனக்கு வேண்டிய குரலை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

வாங்கெலிஸின் இசையையும் விட்டுவிட முடியாது. உலகம் முழுக்க இந்தப் படத்தின் பெயரால் அறியப்படுகிற அந்த மெட்டுக்கு, இசைத்தட்டில் அவர் கொடுத்த பெயர் ‘டைட்டில்ஸ்’. தலைப்புகள். பெயரில்லாத கவிதையில் தொடங்கிய பயணம் தலைப்பு என்கிற பெயரில் வந்து நின்றிருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இரண்டும் ஒரே இரவில் ஒலித்தன. ஆரம்பத்தில் ஒரு சிறுவனின் குரலில் ‘ஜெருசலேம்’. பிறகு வாங்கெலிஸின் மெட்டு; ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு கொட்டாவி விடுகிற ரோவன் அட்கின்ஸன். ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேலியில் ஒரு நேர்மை இருந்தது. ரதம் எப்போதோ போய்விட்டது, சக்கரத்தின் சத்தம் மட்டும் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்ன மாதிரி.

அப்படியானால் தலைப்பு செத்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ப்ளேக்கின் அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போகலாம். கவிதைக்குக் கீழே ப்ளேக் இன்னொரு வாக்கியத்தைச் செதுக்கியிருக்கிறார். பாட்டாகப் பாடுகிறவர்கள் அதைப் பாடுவதில்லை. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் மோசே சொல்வது: கர்த்தரின் ஜனங்கள் எல்லோருமே தீர்க்கதரிசிகளாக இருக்கக்கூடாதா என்கிற ஏக்கம். எனக்கு ஒரு ரதம் என்று தொடங்கியவன், பக்கத்தின் அடியில் எல்லோருக்கும் என்று முடிக்கிறான். ஒருமையைப் பன்மையாக்கியது வெல்லண்ட் அல்ல. ப்ளேக்கே ஆக்கிவிட்டார், கவிதைக்கு வெளியே, யாரும் பாடாத இடத்தில்.

மோசே அதைச் சொன்ன சந்தர்ப்பம் இதைவிட முக்கியம். எழுபது மூப்பர்கள் கூடாரத்தண்டை அழைக்கப்படுகிறார்கள். ஆவி அவர்கள்மேல் இறங்குகிறது. பட்டியலில் பெயர் இருந்தும் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தங்கிவிட்டவர்கள் இரண்டு பேர்: எல்தாத், மேதாத். அவர்களும் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு பையன் ஓடிவந்து புகார் சொல்கிறான். அவர்களைத் தடுத்துவிடுங்கள் என்கிறான் யோசுவா. அப்போதுதான் மோசே அந்த வார்த்தையைச் சொல்கிறான்.

கூடாரத்துக்கு வராத இரண்டு பேர். ஒருவன் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்ட யூதன். இன்னொருவன் இளவரசர் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை வராதவன்; பிறகு புகழை விட்டுச் சீனாவுக்குப் போய், 1945-ல் வெய்ஷியன் கைதி முகாமில் இறந்தவன். இவர்களைக் கூடாரத்துக்குள் இழுத்துவந்து பாடகர் குழுவின் நடுவில் உட்காரவைத்தது படம். தலைப்பு அவர்களைப் பாளயத்திலேயே வைத்திருக்கிறது.